கோளாறைக் கண்டுபிடிப்பதற்கும் கூலி கொடுப்போம்

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் எரிகின்றன. என்ஜின் மட்டும் சுற்றவில்லை. ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம், சில சமயம் அதுவும் இல்லை. ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல வண்டி கிளம்பிவிடுகிறது. அடுத்த ஒரு வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு ஒருநாள் பெட்ரோல் பங்க்கில், பின்னால் நாலு வண்டி காத்து நிற்கும்போது, மறுபடி அதே ‘டொக்’. ‘செல்ஃப் சில நேரம் எடுக்க மாட்டேங்குது’ என்று கார் வைத்திருப்பவர்கள் சொல்லும் இந்தக் கோளாறுக்கு நம் ஊர்களில் நடக்கும் ரிப்பேர் ஏறக்குறைய ஒரே வரிசையில் போகிறது. முதலில் பேட்டரியை மாற்றுவார்கள். சில நாளில் கோளாறு திரும்பும். அடுத்து செல்ஃப் மோட்டார். அதற்குப் பிறகு ரிலே, இக்னிஷன் ஸ்விட்ச். எல்லாம் முடிந்தபின் ‘வயரிங்லதான் எங்கயோ இருக்கு சார்’ என்று ஒரு வார்த்தை. இதற்குள் பல ஆயிரம் ரூபாய் போயிருக்கும். நன்றாக இருந்த இரண்டு மூன்று பாகங்கள் காயலான் கடைக்குப் போயிருக்கும். இந்தச் செலவுக்கு மெக்கானிக்கின் பேராசையைக் காரணம் சொல்வது எளிது. என் எண்ணம் வேறு. கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதை ஒரு தனி வேலையாக நாம் மதிப்பதில்லை, அதற்கென்று கூலி கொடுப்பதும் இல்லை. கொடுக்காமல் விட்ட அந்தக் கூலிதான் ஸ்பேர் பார்ட்ஸ் பில்லாகத் திரும்பி வருகிறது.

கிராங்க் ஆவதும் ஸ்டார்ட் ஆவதும் ஒன்றல்ல என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். என்ஜின் ‘கர்கர்’ என்று சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் பக்கம் தேட வேண்டும். என்ஜின் சுற்றவே இல்லை என்றால் தேட வேண்டிய இடம் மிகவும் குறுகியது. இரண்டே இரண்டு மின்பாதைகள்தான். ஒன்று கட்டளைப் பாதை. சாவி அல்லது பொத்தானில் தொடங்கி, கிளட்ச் ஸ்விட்ச் அல்லது கியர் ஸ்விட்ச் வழியாக, ரிலே வழியாக, செல்ஃப் மோட்டாரின் தலையில் உட்கார்ந்திருக்கும் சோலனாய்டு வரை வரும் மெல்லிய வயர் அது. இன்னொன்று பலம் போகும் பாதை. பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து தடித்த கேபிள் வழியாக மோட்டாருக்குப் போய், என்ஜின் உடம்பு, எர்த் ஸ்ட்ராப் வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் மின்சாரம். கட்டளை வந்ததும் சோலனாய்டு உள்ளே இருக்கும் பிளஞ்சரை இழுக்கிறது. அந்த இழுப்பில் மோட்டாரின் சிறிய பல்சக்கரம் ஃப்ளைவீலின் பல்லில் போய் மாட்டுகிறது. இழுப்பின் கடைசியில் ஒரு செம்புத் தட்டு இரண்டு போல்ட் தலைகளை ஒன்றுசேர்க்கிறது. நம் காதில் விழும் ‘டொக்’ இதுதான். சத்தம் கேட்டால் கட்டளை சோலனாய்டு வரை வந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கேட்கவே இல்லை என்றால் கட்டளைப் பாதையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு காசு செலவில்லாமல் பாதித் தேடல் இதிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் எத்தனை பட்டறைகளில் ‘சத்தம் வந்ததா, வரலையா?’ என்று வண்டிக்காரரிடம் கேட்கிறார்கள்?

சின்ன பெட்ரோல் கார்கூட கிராங்க் ஆகும் அந்த ஒரு விநாடியில் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும்; டீசல் இன்னும் அதிகம் இழுக்கும். வண்டியில் வேறு எந்த வேலைக்கும் இவ்வளவு மின்சாரம் தேவைப்படுவதில்லை. பேட்டரி டெர்மினலில் படியும் பச்சையும் வெள்ளையுமான பூ, சேஸிஸோடு சேரும் இடத்தில் துருப்பிடித்த எர்த் போல்ட், கேபிளின் காதுக்குள் அறுந்துபோன செம்பு இழைகள் என்று ஏதோ ஒன்றால் அந்தப் பாதையில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை கூடினால் போதும். 150 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். இரண்டு பங்கானால் 3 வோல்ட். 12 வோல்ட் வண்டியில் 3 வோல்ட் போனால் மோட்டார் முனகும், அல்லது அசையவே அசையாது. இந்தத் தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் பிடிக்க முடியாது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். பேட்டரி நன்றாக இருக்கும்போது அதன் வோல்டேஜை வெறுமனே அளந்தாலும் 12.6 என்று அழகாகக் காட்டும், ஏனென்றால் அப்போது மின்சாரம் ஓடவில்லை. பத்து இழையில் ஒன்பது அறுந்த கேபிளும் மீட்டருக்கு முழுக் கேபிளாகவே தெரியும். அதனால்தான் ‘மீட்டர் வெச்சுப் பார்த்தாச்சு, எல்லாம் கரெக்டா இருக்கு’ என்ற வாக்கியம் இந்தக் கோளாறில் எதையும் நிரூபிப்பதில்லை.

அளக்க வேண்டிய முறை வேறு. மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டின் உச்சியிலேயே அழுத்த வேண்டும். கிளாம்ப்பில் அல்ல, தண்டில். இன்னொரு முனையை அந்தத் தண்டைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கால் அங்குலம்கூட இல்லை. இப்போது ஒருவர் சாவியைத் திருப்ப, மீட்டரைப் பார்க்க வேண்டும். இணைப்பு நன்றாக இருந்தால் எண் ஏறக்குறைய பூஜ்யத்திலேயே நிற்கும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கால் அங்குலத்தில்தான் கோளாறு. பேட்டரியும் மோட்டாரும் குற்றமற்றவை. இதே முறையில் கிளாம்ப்பிலிருந்து கேபிளுக்கு, கேபிளிலிருந்து சோலனாய்டு போல்ட்டுக்கு, மோட்டார் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்கு என்று அடி அடியாக நகரலாம். ஓர் இணைப்பில் 0.2 வோல்ட்டுக்கு மேலோ, ப்ளஸ் பக்கம் முழுவதும் சேர்த்து 0.5 வோல்ட்டுக்கு மேலோ போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. கிராங்க் ஆகும்போது பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது என்பதும் அப்படியே. மொத்த வேலைக்கும் அரை மணி நேரம் ஆகலாம். தேவைப்படும் கருவி சில நூறு ரூபாய் மீட்டர்.

ஆனால் கோளாறு ‘சில நேரம் மட்டும்’ வருகிறதே, அளக்கும்போது வராவிட்டால் என்ன செய்வது? உண்மையான சிக்கல் இங்கேதான். சில நேரம் மட்டும் வருவதற்கும் காரணம் உண்டு, அந்தக் காரணமே ஒரு தடயம். செம்புத் தட்டு ஒவ்வொரு முறை சேரும்போதும் ஒரு பொறி பறக்கிறது. வருடக்கணக்கில் அந்தப் பொறியில் தட்டும் போல்ட் தலைகளும் குழிந்துபோகின்றன. பல மோட்டார்களில் அந்தத் தட்டு தன் இருப்பில் மெல்லச் சுழலும் என்பதால், ஒரு முறை நல்ல பகுதி எதிரே வந்து நிற்கும், மறுமுறை குழிந்த பகுதி நிற்கும். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் எந்த இடத்தில் நின்றது என்பதைப் பொறுத்து மோட்டார் எடுக்கும், அல்லது எடுக்காது. ஸ்பேனரால் மோட்டாரை லேசாகத் தட்டியதும் எடுத்துவிட்டால் சந்தேகம் இந்தப் பக்கம் சாய்கிறது. நெடுஞ்சாலையில் ஓடிவந்த வண்டியை டீக்கடையில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுக்கும்போது மட்டும் கோளாறு வந்தால், சூடு. காற்றோட்டம் நின்றதும் பானட்டுக்குள் வெப்பம் ஏறும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடுகிறது. 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு. கட்டளை வயரில் ஏற்கெனவே கொஞ்சம் வோல்டேஜ் தொலைந்துகொண்டிருந்தால், சூடான சோலனாய்டால் பிளஞ்சரை இழுக்க முடியாமல் போகும். மழைக்குப் பின் வந்தால் ஈரம். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற கார்களை விற்றவர்களும் வாங்கியவர்களும் உண்டு. கனெக்டருக்குள்ளும் எர்த் போல்ட்டுக்குக் கீழும் புகுந்த தண்ணீரின் வேலை பல மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும். கிளட்சை மிதித்தால்தான் கிராங்க் ஆகும் கார்களில், காலடி மேட் நகர்ந்து பெடலுக்கு அடியில் மடிந்திருந்தாலே கட்டளை போகாது. ஆட்டோமேட்டிக் காரில் ‘பி’யில் எடுக்காமல் ‘என்’னில் எடுத்தால், கியர் ஸ்விட்ச் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டது. இத்தனை காரணங்களில் எதற்கும் புது பேட்டரி மருந்தல்ல.

அப்படியானால் பேட்டரியை மாற்றியதும் பல வண்டிகள் சரியாகிவிடுகின்றனவே என்று கேட்கலாம். சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? இருபது முறை சாவியைத் திருப்பினால் சராசரியாக ஒரு முறை எடுக்காத வண்டி என்று வைத்துக்கொள்வோம். எதையுமே செய்யாமல் விட்டாலும், அடுத்த இருபது முறையும் அது தொடர்ந்து எடுப்பதற்கான வாய்ப்பு 36 சதவீதம். ஒரு நாளைக்கு நாலு முறை வண்டி எடுப்பவருக்கு இருபது முறை என்பது ஐந்து நாள். அதாவது சம்பந்தமே இல்லாத ஒரு பாகத்தை மாற்றினாலும், மூன்றில் ஒருவருக்கு மேல் ஐந்து நாள் கழித்து ‘சரியாயிடுச்சு’ என்றுதான் சொல்வார்கள். கோளாறு உண்மையிலேயே போய்விட்டது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, தொடர்ந்து அறுபது முறையாவது எடுத்திருக்க வேண்டும். கோளாறு சூட்டில் மட்டும் வருவதாக இருந்தால், மார்கழிக் காலையில் எடுத்த அறுபது முறையும் கணக்கில் சேராது. இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலரும் யோசிப்பதில்லை. பேட்டரியை மாற்றுகிறவர் டெர்மினலைக் கழற்றுகிறார், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார், இறுக்கி மாட்டுகிறார். வண்டியைச் சரிசெய்தது புதிய பேட்டரியா, அந்தத் தேய்ப்பும் இறுக்கலுமா? பழைய பேட்டரியையே தேய்த்து மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது ஏற்கெனவே எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. செல்ஃப் மோட்டாரை மாற்றும்போதும் இதே கதைதான். கேபிள் நட்டும் எர்த் போல்ட்டும் புதிதாக இறுகுகின்றன. ஊகத்தில் பாகம் மாற்றும் முறை இப்படித்தான் தனக்குத்தானே நற்சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறது. தோற்ற வண்டிகள் வேறு பட்டறைக்குப் போய்விடுவதால், அந்தத் தோல்வி முதல் மெக்கானிக்கின் அனுபவத்தில் சேர்வதே இல்லை.

எடுக்காத அந்த நொடியில் மெக்கானிக் பக்கத்தில் இருக்க மாட்டார் என்பது உண்மை. ஆனால் ஒரு விளக்கு இருக்க முடியும். சோலனாய்டுக்கு வரும் கட்டளை வயரில் ஒரு சிறு டெஸ்ட் லாம்ப்பை இணைத்து, ஃப்யூஸோடு, அதன் வயரை உள்ளே இழுத்து டேஷ்போர்டின் ஓரத்தில் ஒட்டி, வண்டியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அடுத்த முறை எடுக்காதபோது ஓட்டுபவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: லாம்ப் எரிந்ததா? பளிச்சென்று எரிந்தால் கட்டளை வந்து சேர்ந்துவிட்டது. கோளாறு மோட்டாரிலோ தடித்த கேபிளிலோ இருக்கிறது. எரியவில்லை என்றால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். ரிலே, ஸ்விட்ச், சாவி பக்கம் போகலாம். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ வோல்டேஜ் தொலைகிறது. அத்தோடு உள்ளே இருக்கும் கூரை விளக்கையும் போட்டு வைத்தால், சாவியைத் திருப்பும்போது அது அணைகிறதா, மங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதும் தெரியும். அணைந்துபோனால் பேட்டரி டெர்மினல் இணைப்பை முதலில் பார்க்க வேண்டும், அல்லது பேட்டரிக்குள்ளேயே செல்களுக்கிடையே இணைப்பு விட்டிருக்கலாம். நன்றாக மங்கினால் பேட்டரிக்குச் சார்ஜ் இல்லை, அல்லது மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மீறி இழுக்கிறது. துளியும் மங்காமல் ‘டொக்’ மட்டும் கேட்டால் செம்புத் தட்டோ பிரஷ்ஷோ. மாதக்கணக்கில் பிடிபடாத கோளாறும் இந்த இரண்டு விளக்குகளிடம் ஒரே தோல்வியில் மாட்டிக்கொள்ளும். இதைச் செய்யத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் லாம்ப் மாட்டி அனுப்புவதற்கு அவர் என்ன பில் போடுவார்? ‘ஒண்ணும் மாத்தல, எதுக்கு ஐந்நூறு ரூபாய்?’ என்றுதானே வண்டிக்காரர் கேட்பார்?

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. பாகம் கைமாறினால்தான் பணம் கைமாற வேண்டும் என்று நாம் ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருக்கிறோம். லேபர் என்பது பாகத்தைக் கழற்றி மாட்டுவதற்கு. யோசித்ததற்கும் அளந்ததற்கும் ஒதுக்கியதற்கும் பில்லில் இடமில்லை. ஒரு மணி நேரம் அளந்து, தளர்ந்த எர்த் போல்ட்டைக் கண்டுபிடித்து இறுக்கிக் கொடுக்கும் மெக்கானிக்குக் கையில் டீச்செலவுக்குக் கொடுத்து அனுப்புகிறோம். அதே வண்டிக்குப் பத்து நிமிடத்தில் பேட்டரியை மாற்றுகிறவருக்கு பேட்டரியின் மார்ஜின் கிடைக்கிறது. எந்தப் பக்கம் அவர் சாய்வார் என்பதற்குக் கெட்ட மனம் தேவையில்லை. வாடகையும் இரண்டு பையன்களின் சம்பளமும் போதும். காய்ச்சலோடு டாக்டரிடம் போனால் மாத்திரை எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுக்கிறோம், பார்த்துச் சொன்னதற்காக. காரில் அந்தப் பழக்கம் வந்தால்தான் பார்த்துச் சொல்கிறவர்கள் தொழிலில் நிலைப்பார்கள். கால் டாக்சி ஓட்டுபவருக்கு இது இன்னும் கூர்மையான விஷயம்; வண்டி எடுக்காத ஒரு காலையில் அன்றைய வருமானமே போய்விடும், மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். தேவையில்லாமல் வாங்கிய ஒரு செல்ஃப் மோட்டார் அவருக்குப் பல நாள் உழைப்பு.

‘அனுபவம் உள்ள மெக்கானிக்குச் சத்தத்தைக் கேட்டாலே தெரியும், இந்த அளவெல்லாம் புத்தகப் படிப்பு’ என்று ஒரு மறுப்பு வரும். அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எந்தச் சந்தேகத்தை முதலில் சோதிக்க வேண்டும் என்று சொல்ல அனுபவத்தை விட நல்ல வழிகாட்டி கிடையாது. நாலு வருடம் ஓடிய பேட்டரி, நம் வெயிலில், மெல்ல முனகிக் கிராங்க் ஆகிறது என்றால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுவது சரியே. லோட் டெஸ்டரில் தோற்றால் தாராளமாக மாற்றலாம். அனுபவம் தடுமாறுவது இதுபோல வந்து வந்து போகும் கோளாறில்தான், ஏனென்றால் மேலே சொன்னபடி அதற்குத் திரும்பி வரும் செய்தி பொய்யானது. நிரந்தரக் கோளாறில், மாற்றினேன், சரியானது என்றால் அது பாடம். வந்துபோகும் கோளாறில் அதே வாக்கியம் வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். முப்பது வருட அனுபவத்தில் இரண்டும் கலந்தே இருக்கும். பிரித்துப் பார்க்க அளவைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு மறுப்பு ஸ்கேனரைப் பற்றியது. இப்போது கார் முழுக்க கம்ப்யூட்டர், சொருகினால் கோளாறு எண் வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. என்ஜின் கம்ப்யூட்டரே ஸ்டார்ட்டர் ரிலேயை இயக்கும் புதிய கார்களில் பி0615 போன்ற எண்கள் சில சமயம் கிடைக்கும். அது ஸ்டார்ட்டர் ரிலே சர்க்யூட்டில் ஏதோ சரியில்லை என்று சொல்லும். ரிலேயா, சாக்கெட்டா, வயரா என்று சொல்லாது. தடித்த கேபிளையும் செம்புத் தட்டையும் எர்த் போல்ட்டையும் எந்தக் கம்ப்யூட்டரும் நேரடியாகக் கண்காணிப்பதில்லை. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912இல் காடிலாக் காரில் வந்ததிலிருந்து, அடிப்படையில் இந்தப் பாதை பேட்டரி, தொடுமுனை, மோட்டார் என்றேதான் இருக்கிறது. ‘ஸ்கேன் பண்ணியாச்சு, கோட் எதுவும் இல்ல’ என்று ஜாப் கார்டில் எழுதித் திருப்பி அனுப்புவது கோளாறு இல்லை என்பதற்குச் சான்றாகாது. அந்தக் கருவி பார்க்காத இடத்தில் கோளாறு இருக்கிறது என்பதற்கான குறிப்பு அது.

மாற்றிப் பார்ப்பதே மலிவு என்ற வாதத்துக்கு மேலை நாடுகளில் ஓரளவு நியாயம் உண்டு. அங்கே மெக்கானிக்கின் ஒரு மணி நேரம் பல சமயம் பாகத்தின் விலையை விட அதிகம். நம் ஊரில் நிலைமை தலைகீழ்: உழைப்பு மலிவு, பாகம் விலை அதிகம். கண்டுபிடிப்பதில் நேரத்தைச் செலவிடுவது உலகில் வேறெங்கும் லாபமோ இல்லையோ, இங்கே நிச்சயம் லாபம். சோலனாய்டின் செம்புத் தட்டையும் போல்ட்டையும் மட்டும் மாற்றி, மோட்டாரைச் சுத்தம் செய்து கொடுக்கும் கைத்திறன் நம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. முழு மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு. அந்தக் கைத்திறனை நாமே அசெம்ப்ளி மாற்றும் பழக்கத்துக்குக் காவு கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கண்டுபிடிக்காமல் மாற்றுவதன் விலை பணம் மட்டுமல்ல என்பதற்கு அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் ஸ்விட்ச் விவகாரம் பெரிய சான்று. 2000களின் தொடக்கத்தில் வந்த சாட்டர்ன் ஐயான், ஷெவர்லே கோபால்ட் கார்களில் அந்த ஸ்விட்ச் தேவையான பிடிப்பு இல்லாமல் இருந்தது. கனமான சாவிக்கொத்து இழுத்தாலோ முழங்கால் இடித்தாலோ, ஓடும் வண்டியில் சாவி நழுவி என்ஜின் நின்றது, ஏர்பேக்கும் செயலிழந்தது. எப்போதாவது நடப்பது, வரவழைத்துக் காட்டக் கடினமானது என்பதால் அது பாதுகாப்புப் பிரச்சினையாக அல்லாமல் வாடிக்கையாளர் வசதிப் பிரச்சினையாக வகைப்படுத்தப்பட்டது. பின்னர் ஸ்விட்ச்சின் உள்பாகம் மாற்றப்பட்டது, ஆனால் பாக எண் மாற்றப்படவில்லை. அதனால் பழைய கார்களில் நடப்பது புதிய கார்களில் ஏன் நடக்கவில்லை என்று நிறுவனத்தின் விசாரணையாளர்களே பல ஆண்டுகள் குழம்பினார்கள். விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் குடும்பம் தொடுத்த வழக்குக்காக வேலை செய்த ஒரு பொறியாளர், காரிலிருந்த பழைய ஸ்விட்ச்சையும் கடையில் வாங்கிய புதிய ஸ்விட்ச்சையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோதுதான் வேறுபாடு வெளியே வந்தது. 2014இல் ஏறக்குறைய 26 லட்சம் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. பழைய பாகத்தைக் கையில் வைத்துப் பார்க்க ஒருவருக்கு நேரமும் கூலியும் கிடைத்ததால் தெரியவந்த உண்மை அது. நம் பட்டறைகளில் கழற்றிய பாகம் அன்று மாலையே எடைக்குப் போகிறது. அதைத் திருப்பிக் கேட்க வேண்டும். பிரித்துக் காட்டச் சொல்ல வேண்டும். குழிந்த தட்டும் தேய்ந்த பிரஷ்ஷும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். தெரியவில்லை என்றால் மாற்றியது தவறான பாகமாக இருக்கலாம் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

சட்டம் இதில் ஓரளவு துணைக்கு வருகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சம்பந்தப்பட்ட தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. எதை அளந்தோம், என்ன காட்டியது, எதனால் இந்தப் பாகத்தை மாற்றினோம் என்று கேட்பது நம் உரிமையோடு சேர்ந்ததுதான். மறுபக்கம், வெளிப்பட்டறை வைத்திருப்பவருக்கு வயரிங் வரைபடம் கிடைப்பதில்லை என்ற குறை நியாயமானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, கார் ரிப்பேர் தகவல்களை வெளிப்பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அதில் மோட்டார் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது கட்டாயச் சட்டமல்ல. எந்த ஃப்யூஸிலிருந்து எந்த நிற வயர் எந்த ரிலேக்குப் போகிறது என்பதை விலைக்காவது கொடுக்க வேண்டும் என்று விதி வந்தால், ஊகத்தில் மாற்றுவது பாதியாகக் குறையும் என்று நம்புகிறேன். ஐடிஐ மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவின் செய்முறைத் தேர்வில், வண்டியில் ஒரு தளர்ந்த எர்த்தை ஒளித்து வைத்து, ‘எதையும் மாற்றாமல் கண்டுபிடி’ என்று ஒரு கேள்வி கேட்பதற்கும் பெரிய செலவாகாது.

வண்டிக்காரர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ‘சில நேரம் எடுக்கல’ என்ற மூன்று சொல்லை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எடுக்காத ஒவ்வொரு முறையும் என்ஜின் சூடா, குளிர்ந்ததா, சத்தம் வந்ததா, கூரை விளக்கு என்ன செய்தது, டேஷ்போர்டில் சாவி படம் மின்னியதா, இன்னொரு சாவியில் எடுத்ததா, கிளட்சை மறுபடி அழுத்தியதும் எடுத்ததா என்று போனில் குறித்து வைக்கலாம். முடிந்தால் வீடியோ எடுக்கலாம். அப்படி நாலைந்து குறிப்புகளோடு வருகிறவருக்கு மெக்கானிக்கின் ஒரு மணி நேர வேலை பத்து நிமிடமாகும்.

கடைசியாக, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கண்டுபிடிக்க முடியாமல் போனாலும் கூலி கொடுக்க வேண்டுமா? கொடுக்க வேண்டும் என்பதே என் பதில், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அளந்தவை எழுத்தில் கையில் வர வேண்டும். பேட்டரி, கிராங்க் ஆகும்போது 10.4 வோல்ட், ப்ளஸ் கேபிளில் இழப்பு 0.15, எர்த் பக்கம் 0.1, கட்டளை வயருக்கு லாம்ப் மாட்டியிருக்கிறது, இதுவரை தோல்வி வரவில்லை. இப்படி நாலு வரி பில்லில் இருந்தால், அந்த வண்டி அடுத்து எந்த ஊரில் எந்தப் பட்டறையில் நின்றாலும், அங்கே இருப்பவர் மறுபடி பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.